டைமிங் பெல்ட்: சாவி போடுமுன் 2 சுற்று

பாட்டரியின் நெகட்டிவ் வயரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் முதலில் கழற்றிவிடுங்கள். கிராங்க், கேம் பல்சக்கரங்களின் குறிகள் இன்ஜினில் உள்ள குறிகளோடு நேராக நிற்கும்போது, வெள்ளைப் பெயின்ட்டால் பொட்டு வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் கம்பெனிக் குறி லேசில் தெரியாது. புது பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வே கூடாது. டென்ஷனரை இறுக்கியபின் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் 2 முழுச் சுற்று சுற்றுங்கள். அப்போதுதான் கேம் 1 சுற்று முடிக்கும். குறிகள் மறுபடி சேரவில்லையா? ஒரு பல் தள்ளியிருந்தாலும் திரும்ப மாட்டத்தான் வேண்டும். 'ஓடும், பார்த்துக்கலாம்' இங்கே செல்லாது. சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தடுத்தால் பலம் காட்டாதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தட்டினால் வால்வு வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.