கோடுகள் சொல்லும் வரலாறு

சொல்லும் ஓவியமும் இணைந்து நெடுங்கதை ஒன்றை நடத்திச்செல்லும் இலக்கிய வடிவமே வரைகலைப் புதினம். இவ்வடிவத்தில் ஓவியம் கதைக்கு அழகூட்ட வந்த அணிகலன் அன்று. கதையை உரைக்கும் மொழியே அதுதான். சொல் எட்டாத இடத்தை ஓவியம் எட்டும் என்பதற்கு ‘மௌஸ்’ என்னும் நூல் சிறந்த சான்றாகும்.

தந்தையின் கதை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தது. போலந்து நாட்டு யூதரான விளாடெக்கும் அவருடைய மனைவி அன்யாவும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைபட்டு உயிர்பிழைத்தவர்கள். போருக்குப்பின் பிறந்த அவர்களுடைய மகன் ஆர்ட் ஸ்பீகல்மன், அமெரிக்காவில் வளர்ந்து ஓவியரானார். தந்தையின் நினைவுகளை அவர் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவுசெய்து, 1980 முதல் ‘ரா’ என்னும் இதழில் தொடராக வரைந்தார். அத்தொடர் 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு நூல்களாக வெளிவந்தது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருதினைப் பெற்றது.

எலிமுகங்கள்

‘மௌஸ்’ என்னும் ஜெர்மன் சொல்லுக்கு எலி என்பது பொருள். இந்நூலில் யூதர்கள் எலிமுகத்துடனும் ஜெர்மானியர் பூனைமுகத்துடனும் போலந்து மக்கள் பன்றிமுகத்துடனும் தோன்றுகின்றனர். யூதர்களை எலிகள் என்று இழித்துரைத்தது நாஜிகளின் பரப்புரை. அந்த இழிமொழியையே ஸ்பீகல்மன் தம் கருவியாக்கினார். கண்ணுக்கு ஒரு புள்ளி, புருவத்திற்கு ஒரு கோடு என எளிமையாக வரையப்பட்ட அம்முகங்களில் அச்சமும் பசியும் அன்பும் புலப்படுகின்றன. அவற்றைக் காண்போர் எலியை மறந்து மனிதரையே காண்கின்றனர். இழிமொழியின் பொய்ம்மை தானே வெளிப்படுகிறது.

தம்மைப் போலந்தியராகக் காட்டித் தப்ப முயலும்போது, யூதர்கள் எலிமுகத்தின்மேல் பன்றி முகமூடி அணிகின்றனர். அதைக் கட்டிய கயிறும் ஓவியத்தில் தெரிகிறது. இனம் என்பது மனிதர்மேல் சுமத்தப்பட்ட முகமூடியே என்னும் கருத்து இதனால் விளங்குகிறது.

காட்சியின் ஆற்றல்

புகலிடம் தேடி விளாடெக்கும் அன்யாவும் நடந்துசெல்லும் கட்டம் ஒன்று உண்டு. அவர்கள்முன் கிளைபிரியும் பாதைகள் நாஜிச் சின்னமான சுவஸ்திகத்தின் வடிவில் நீள்கின்றன. போக்கிடம் இல்லை என்பதைச் சொற்கள் கூறுகின்றன. எத்திசையில் சென்றாலும் பகைவரின் பிடியே என்பதை ஓவியம் உணர்த்துகிறது.

இரண்டாம் நூலில், எலி முகமூடி அணிந்த மனிதராக ஓவியர் தம்மையே வரைந்துள்ளார். மேற்கட்டங்களில் அவர் வரைபலகையின்முன் அமர்ந்து, முதல் நூல் பெற்ற வெற்றியைப் பற்றிப் பேசுகிறார். பார்வை பக்கத்தின் அடிப்பகுதிக்கு இறங்கும்போது, அவருடைய காலடியில் குவிந்துகிடக்கும் பிணங்கள் தென்படுகின்றன. மாண்டோரின் துயரை வரைந்து புகழ்பெறுவது தகுமா என்னும் வினாவை எச்சொல்லும் அங்குக் கேட்கவில்லை, ஓவியம் கேட்கிறது. விடையை ஓவியர் எழுதவில்லை. அதனைத் தேடும் பொறுப்பு படிப்பவரைச் சேர்கிறது.