தோட்டத்து நீர்ப்பம்பிக்குப் பற்றரிகளைத் தொடராக இணைத்தல்



ஆறில்லாத எமது குடாநாட்டிலே கிணற்று நீரை இறைத்தே தோட்டஞ் செய்கின்றோம். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, இறைப்புச் செலவு எத்துணைச் சுமையாயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். சூரியத் தகட்டினால் மின்னேற்றப்படும் பற்றரிகளைக் கொண்டு சிறு பம்பி இயக்க விரும்புவோர்க்காக இப்பிரசுரம் எழுதப்படுகின்றது. இத்தகைய பம்பி நெல் வயலுக்குப் போதாது. ஒன்றிரண்டு பரப்பு மரக்கறித் தோட்டத்துக்கும் நாற்றுமேடைக்குமே அது ஏற்றதாகும்.

ஈய அமிலப் பற்றரி 1859 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் காஸ்தோன் பிளாந்தே என்பவரால் ஆக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். ஆறு கலங்கள் வரிசையாய் அமைந்தால் 12 வோல்ற்றுப் பற்றரி ஆகின்றது. ஆகவே தொடரிணைப்பு என்பது பற்றரிப் பெட்டிக்குள்ளேயே உள்ளதொன்றுதான். 24 வோல்ற்றுப் பம்பிக்கு இரண்டு பெட்டிகளை அவ்வாறே வெளியில் இணைக்கின்றோம்.

இணைக்கும் முறை எளிது. முதற் பற்றரியின் மறை முனையை இரண்டாவதன் நேர் முனையுடன் தடித்த செப்பு வடத்தினால் பொருத்துக. எஞ்சிய நேர் முனையும் மறை முனையும் பம்பிக்குச் செல்லும். இவ்விணைப்பில் வோல்ற்று இரட்டிக்கும். அம்பியர் மணி இரட்டிக்காது. 40 அம்பியர் மணிப் பற்றரிகள் இரண்டு சேர்ந்தால் 24 வோல்ற்றில் 40 அம்பியர் மணியே கிடைக்கும். 120 வாற்றுப் பம்பி 5 அம்பியர் இழுக்கும். பற்றரியின் கொள்ளளவில் அரைவாசிக்கு மேல் எடுக்கலாகாது ஆதலால், ஒரு நாளில் நான்கு மணி நேரம் இறைக்கலாம். அதே பம்பியை 12 வோல்ற்றில் ஓட்டினால் 10 அம்பியர் வேண்டும். ஒரே வடத்தில் வீணாகும் மின்சத்தி நான்கு மடங்காகும். கிணறு கொட்டிலுக்குத் தூரமாயின் 24 வோல்ற்றே மேல்.

இனி, பெருநட்டம் விளைவிக்கும் பிழையைச் சொல்கின்றோம். வீட்டிற் பழைய பற்றரி ஒன்று கிடக்கின்றது, புதிதாய் ஒன்று மட்டும் வாங்கினாற் போதும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு செய்யற்க. தொடரிணைப்பில் ஒரே மின்னோட்டமே இரண்டினூடும் பாய்கின்றது. கிழட்டு மாட்டையும் இளங் காளையையும் ஒரு நுகத்திற் பூட்டியது போலாகும். பழையது முதலில் வெறுமையாகும். புதியதோ விடாது மின்னைத் தள்ளும். அப்போது பழையதன் கலங்கள் நேர்மாறாக மின்னேறிக் கெடும். மின்னேற்றும்போதோ பழையது முந்தி நிறைந்து கொதிக்க, புதியது குறையாகவே நிற்கும். சில மாதங்களில் புதியதும் பழுதாகும். வெங்காயம் குமிழ் திரளும் வேளையில் பம்பி நின்றால் பற்றரிச் செலவோடு பயிரும் போய்விடும்.

ஆதலின் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதுடைய இரண்டை ஒன்றாக வாங்குக. இணைக்குமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுதாக மின்னேற்றி, ஓர் இரவு வைத்து, வோல்ற்றுமானியால் அளந்து பார்க்க. நல்ல பற்றரி 12.6 வோல்ற்றுக்குக் குறையாது காட்டும். இரண்டுக்குமிடையே 0.2 வோல்ற்றுக்கு மேல் வேறுபாடிருப்பின் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க. இறைப்பு நடக்கையிலும் மாதம் ஒருமுறை தனித்தனியே அளப்பது நன்று. உழவு இயந்திரத்தை இயக்கிவைக்கும் பற்றரி இவ்வேலைக்கு உகந்ததன்று. நெடுநேரம் வடிந்தால் அதன் தகடுகள் விரைவிற் கெடும்.

காவற் கொட்டில் விளக்குக்காக இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற்று எடுப்பாரும் உளர். அந்த ஒன்று நாள்தோறும் மற்றதிலும் குறைந்து, மேற்சொன்ன கேட்டையே அடையும். விளக்குக்குத் தனிப் பற்றரி வைக்க. மின்னேற்றியும் 24 வோல்ற்றுக்கு உரியதாயிருத்தல் வேண்டும். 12 வோல்ற்று மின்னேற்றியே உண்டெனின், தொடரைக் கழற்றி ஒவ்வொன்றாக ஏற்றுக.

நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. எமது கிணற்று நீர் சுண்ணக்கல்லிலே ஊறியது. கேத்திலின் அடியில் வெண்படிவு விடும் அதே நீர் பற்றரித் தகட்டையும் கெடுக்கும். கரையோரக் கிணறுகளில் உப்புமிருத்தலால் தீங்கு இன்னும் அதிகம். 1990 களில் மின்கலங்கள் குடாநாட்டுக்குள் வரத் தடையிருந்தபோது துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். கைக்கெட்டியதைக் கொண்டு காரியம் முடிக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. இந்நீர் விடயத்தில் மட்டும் அப்பழக்கம் உதவாது.

வேலை தொடங்குமுன் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுக. ஸ்பானரின் பிடியில் காப்பு நாடா சுற்றுக. நேர் முனைக்கு அண்மையில் 10 அம்பியர் உருகி பொருத்துக. மின்னேறும்போது வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆதலால் காற்றோட்டமுள்ள கொட்டிலில் வைத்து, அருகிற் சுருட்டுப் பற்றாதிருக்க. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே பதினைந்து நிமிடமேனும் நல்ல நீரால் கழுவி ஆசுபத்திரிக்குச் செல்க.

பழுதான பற்றரியின் அமிலத்தைத் தோட்டத்தில் ஊற்றற்க. பெட்டியை உடைத்து ஈயம் எடுக்கவும் வேண்டாம். சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே நிலத்திற் சிந்தியது கிணற்றை விரைவில் அடையும். குடிப்பதும் அக்கிணற்று நீரே. பழையதை உடையாமல் விற்பனையாளரிடம் கொடுத்து, புதியதன் விலையிற் கழித்துக் கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்க.