பணம் பறிபோனதா? உடனே அழையுங்கள் 1930

செல்போனில் ஒரு தட்டு தட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஏமாற்றிப் பறித்த பணமும் அதே வேகத்தில்தான் போகிறது. உங்கள் கணக்கிலிருந்து ஒரு கணக்குக்கு, அங்கிருந்து சில நிமிடங்களில் வேறு நாலைந்து கணக்குகளுக்கு, கடைசியில் எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக. 'நாளைக்கு பேங்க் திறந்ததும் போய்ச் சொல்லிக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள்.

மத்திய அரசு 2013-ல் தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் செர்ட்-இன் அமைப்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 'அதெல்லாம் கம்பெனிகளுக்கு, நமக்கென்ன?' என்று தோன்றலாம். நமக்கு இருப்பது 1930 என்ற உதவி எண்.

நீங்கள் சொல்லும் விவரத்தைக் காவல்துறையினர் உள்துறை அமைச்சகத்தின் ஒரு பொதுத் தளத்தில் பதிகிறார்கள். வங்கிகளும் பணப் பரிமாற்றச் செயலி நிறுவனங்களும் அதில் இணைந்திருக்கின்றன. பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் முடக்கிவிடுவார்கள். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் பின்னாலேயே போகும். பணத்தைத் துரத்தும் ஓட்டம்தான் இது. நீங்கள் அழைத்தால்தான் தொடங்கும்.

அழைக்கும்போது உங்கள் வங்கிக் கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். யு.பி.ஐ. என்றால் அது 12 இலக்க எண். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலிலேயே இருக்கும். ஏமாற்றியவரின் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்துவிடுங்கள்.

முடக்கிய பணம் மறுநாளே திரும்பிவிடாது. நீதிமன்ற உத்தரவு பெற்று மீட்க வேண்டியும் வரலாம். அதற்குக் கொஞ்சம் அலைச்சல் உண்டு.

பலர் அழைக்கத் தயங்குவதற்குக் காரணம் வெட்கம். 'படிச்சவன், இப்படி ஏமாந்துட்டேனேன்னு வீட்ல சொல்வாங்களே' என்று யோசிப்பதற்குள் பணம் மூன்று கணக்கு தாண்டிவிடும். வீட்டில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதல் அழைப்பு 1930-க்கு.

'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு மிரட்டுகிறார்களா? நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. தயங்காமல் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் எதுவும் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால், சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் பதியலாம்.