ஆளுயரப் பொம்மை விழாமல் நிற்க

கேள்வி: மடுல்கெல்ல கடைத்தெருவில் உள்ள ஒரு புடவைக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தப்படும் ஆளுயரப் பொம்மை காற்றுக்காலத்தில் அடிக்கடி சாய்கிறது. அடித்தட்டின் மேல் கல் வைத்தும் பலன் குறைவு. பிள்ளைகள் வந்துபோகும் இடம் என்பதால் பயமாக இருக்கிறது. பொம்மையைப் பத்திரமாக நிறுத்துவது எப்படி?
(வாசகர், மடுல்கெல்ல)

பதில்: மனிதன் இரண்டு கால்களில் நிற்பது ஓயாத வேலை. உள்காதும் கண்ணும் பாதத்தின் தசைகளும் சேர்ந்து, உடல் ஒரு பக்கம் சரியும் முன்பே அதை மறுபக்கம் இழுத்துக்கொள்கின்றன. நின்றபடி தூங்கிவிடுபவர் விழுவது, இந்தத் திருத்தம் நின்றுபோவதால்தான். பொம்மைக்கு இந்தத் திருத்தம் கிடையாது. மனித உருவத்தை அப்படியே வார்த்து, மனிதப் பாதத்தின் அளவிலேயே பாதமும் வைத்துவிட்டு, அது தானாக நிற்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

ஒரு பொருள் நிற்பதா விழுவதா என்பதை அதன் ஈர்ப்பு மையம் தீர்மானிக்கிறது. அந்த மையத்திலிருந்து நேர்கீழே விடும் தூக்குநூல், பொருள் தரையைத் தொடும் பரப்புக்குள் விழும்வரை பொருள் நிற்கும். நூல் பரப்பின் விளிம்பைத் தாண்டினால் பொருள் சாயும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எவ்வளவு தள்ளினாலும் எழுந்துவிடுவது, அதன் கனம் முழுவதும் உருண்ட அடியில் கிடப்பதால். கடைப் பொம்மை இதற்கு நேர்எதிர். அதன் ஈர்ப்பு மையம் இடுப்புக்கு அருகில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கீழே இருப்பதோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய இரும்புத் தகடு.

கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 10 கிலோ எடையுள்ள ஃபைபர் பொம்மை ஒன்று, 38 சென்டிமீட்டர் விட்டமும் 5 கிலோ எடையும் உள்ள வட்டத் தட்டின் நடுவில் பொருத்தப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தட்டையும் சேர்த்தால் ஈர்ப்பு மையம் சுமார் 67 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்குகிறது. இந்தப் பொம்மை 16 பாகை சாய்ந்தால் விழுந்துவிடும். தோள் உயரத்தில், அதாவது 1.4 மீட்டரில், அதைச் சாய்க்கத் தேவையான விசை இரண்டு கிலோ எடைக்குச் சமம். சேலையின் முந்தானையைப் பிடித்து இழுக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலையே இல்லை.

காற்றின் கணக்கும் இதுதான். சேலை கட்டிய பொம்மை காற்றுக்குக் காட்டும் பரப்பு அரைச் சதுர மீட்டருக்கு மேல். மேலே சொன்ன பொம்மையைத் தள்ளிவிட மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகக் காற்று போதும். இலை தழைத்த சிறு மரங்கள் அசையத் தொடங்கும் காற்று அது. புயல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மடுல்கெல்ல இருப்பதோ நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் பக்கம் அது. இதே மலைத்தொடரின் மேட்டில், கோர்பெட்ஸ் கணவாய்ப் பக்கம், காற்றடித்தே மரங்கள் குள்ளமாக வளர்ந்திருப்பதைக் காணலாம். அந்தக் காற்றில் ஒரு பகுதிதான் கீழே கடைத்தெருவுக்கும் வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல் வைத்ததில் ஏன் பலன் குறைவு? ஐந்து கிலோக் கல் இரண்டைத் தட்டின் மேல் வைத்தால், பொம்மை தாங்கும் காற்று மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 39 கிலோமீட்டர் வரை மட்டுமே உயர்கிறது. கனம் கூடியது, ஆனால் பொம்மை கவிழும்போது எந்த விளிம்பில் திரும்புகிறதோ அந்த விளிம்பு நடுவிலிருந்து அதே 19 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. அதே தட்டை 60 சென்டிமீட்டர்ச் சதுரமான, ஐந்து கிலோ எடையுள்ள தடித்த ஒட்டுப்பலகையில் போல்ட் போட்டு முடுக்கி, அதே கற்களைப் பலகையின் மேல் வைத்தால், பொம்மை 50 கிலோமீட்டர்க் காற்றுக்கும் நிற்கும். கனத்தைவிட அகலம் பெரிது. தட்டைப் பலகையோடு முடுக்காமல் சும்மா மேலே வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பலகை தரையில் இருக்க, தட்டு மட்டும் பொம்மையோடு கவிழும்.

கண்ணாடி அடித்தட்டு கடைக்கு உள்ளே அழகு. வாசலுக்கு அது ஆகாது. கீழே ஒரு சிறு கல் அகப்பட்டாலே உறுதியேற்றிய கண்ணாடியும் பொடிப்பொடியாகக்கூடும்.

அடுத்து, தரை. மலைநாட்டுக் கடைகளின் வாசல் மழைநீர் ஓட வசதியாகக் கானை நோக்கிச் சரிந்திருக்கும். மூன்று பாகைச் சரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால் அது ஈர்ப்பு மையத்தை மூன்றரை சென்டிமீட்டர் வீதிப் பக்கம் நகர்த்துகிறது. 19 சென்டிமீட்டரில் மூன்றரை போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நட்டம். பலகையின் தாழ்ந்த பக்கத்துக்கு ஆப்பு வைத்து, மட்டக்கோல் கொண்டு சமப்படுத்த வேண்டும். மட்டக்கோல் இல்லாவிட்டால் அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலும் போதும். மடித்த காகித அட்டையை ஆப்பாகச் செருகும் வழக்கம் மழை வந்ததும் முடிந்துவிடும்.

பொம்மையைத் தட்டோடு இணைக்கும் இரும்புக்கோல் இரண்டு வகை. உள்ளங்காலில் நுழையும் கோல் ஒன்று. கெண்டைக்காலின் பின்புறம் நுழையும் கோல் மற்றொன்று. உள்ளங்கால் கோல் கண்ணில் படாது, ஆனால் செருப்புப் போட முடியாது. கெண்டைக்கால் கோல் மேலே பிடிப்பதால் ஆட்டம் குறைவு. எந்த வகையானாலும், கோல் முழுவதும் உள்ளே இறங்கி, திருகு இறுகியிருக்க வேண்டும். பழைய பொம்மைகளில் அந்தத் துளை தேய்ந்து பெரிதாகிவிடும். பொம்மை நிற்கும்போதே மெல்லத் தலையாட்டினால் அதுதான் அடையாளம். காகிதம் திணிப்பது வைத்தியம் ஆகாது. துளைக்குள் இரும்புக் குழாய்த்துண்டு ஒன்றை எப்பொக்சிப் பசையால் ஒட்டிவிட்டால் சில வருடம் ஓடும்.

இவ்வளவும் செய்த பிறகும் வாசலில் நிற்கும் பொம்மைக்குச் சுவர்ப்பிடி கட்டாயம். அடித்தட்டு பொம்மையைக் கீழே பிடிக்கிறது. விசையோ மேலே விழுகிறது. மேலே வரும் விசையை மேலேயே தடுப்பதுதான் எளிது, மலிவு. பொம்மையின் மார்பு உயரத்தில், ஏறக்குறைய 130 சென்டிமீட்டரில், சுவரில் இரண்டு வளையத் திருகாணிகளை ஒரு முழ இடைவெளியில் பொருத்த வேண்டும். செங்கல், சீமெந்துச் சுவரில் துளையிட்டு, பிளாஸ்டிக் ஆப்பு செருகி முடுக்கலாம். பழைய பலகைக் கடைகளில் பலகையை நம்பக்கூடாது. அதைத் தாங்கும் மரச்சட்டத்தில் முடுக்க வேண்டும். பொம்மையின் முதுகில் உடைக்கு உள்ளே ஒரு நாடாவைச் சுற்றிக் கட்டி, அதிலிருந்து இரண்டு வளையங்களுக்கும் தனித்தனியே தங்கூசி இழுத்தால் மேலிருந்து பார்க்க முக்கோண வடிவம் கிடைக்கும். ஒற்றை இழை முன்னே விழுவதை மட்டுமே தடுக்கும். முக்கோணக் கட்டு பக்கவாட்டுச் சாய்வையும் தடுக்கும். 20 கிலோ தாங்கும் தடித்த தங்கூசி போதுமானது. வெயிலில் அது வலுவிழக்கும் என்பதால் வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது. கண்ணுக்குத் தெரியாத இழை என்பதால், பொம்மைக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழைய இடம் விடக்கூடாது, இழை கழுத்தில் மாட்டும்.

உடுத்துவதிலும் கவனம் வேண்டும். முந்தானையை வீதிப் பக்கம் பறக்கவிடுவது பார்க்க அழகு, ஆனால் அதுவே பாய்மரம். இந்தியப் பாணிச் சேலையானாலும் கண்டி ஒசரியானாலும், தொங்கும் துணியை முதுகுப் பக்கம் கொண்டுவந்து ஊசி குத்தி அடக்க வேண்டும். முன்னே நீட்டிய கை, மாட்டிய கைப்பை, கையில் ஏந்திய பூக்கூடை எல்லாம் ஈர்ப்பு மையத்தை முன்னே இழுப்பவை. உடை மாற்றும்போது பொம்மையை நிற்கவைத்தே இழுபறி செய்யாமல், கைகளைக் கழற்றி, இடுப்பில் இரண்டாகப் பிரித்து, பாயில் கிடத்தி உடுத்துவது பாதுகாப்பு. தூக்கும்போது கையைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடிக்க வேண்டும்; கை கழன்று வந்துவிடும்.

சோதிப்பதற்குக் கொக்கித் தராசு ஒன்று போதும். தோளில் கயிறு கட்டித் தராசை மாட்டி, முன்னேயும் இரு பக்கமும் இழுத்துப் பார்க்கலாம். ஐந்து கிலோ காட்டும்வரை அடித்தட்டின் எந்த விளிம்பும் தரையைவிட்டு எழாவிட்டால் வாசலில் வைக்கலாம். அதற்குமுன் எழுந்தால் கடைக்கு உள்ளேதான் அதன் இடம். பலத்த காற்று எச்சரிக்கை வரும் நாட்களில் எந்தக் கட்டையும் நம்பாமல் உள்ளே எடுத்துவிடுவதே முறை. ஆளுயரப் பொம்மை நின்ற இடத்திலிருந்து முழுதாகச் சரிந்தால், அதன் தலை தரையைத் தொடும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்.

கேள்வி: உள்ளே உலோக எலும்புக்கூடு வைத்த சிலிக்கன் பொம்மைகளையும் இப்படியே நிறுத்தலாமா?

பதில்: முடியாது. அவை 30 கிலோவுக்கு மேலும் எடை கொண்டவை. மூட்டுகள் உராய்வால் மட்டுமே நிலை காப்பதால், முழங்கால் சற்று மடங்கினாலே முழு எடையும் சரிந்துவிடும். நிற்பதற்கென்று செய்யப்பட்ட வகைகளில் உள்ளங்காலில் போல்ட் தலைகள் வெளியே தெரியும். எடையைத் தாங்குபவை அவைதான். போல்ட் இல்லாத பாதத்தை ஊன்றி நிறுத்தினால், உள்ளிருக்கும் இரும்பு மென்மையான உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். போல்ட் உள்ளவற்றையும் இரண்டு பேர் பிடித்து, முழங்காலையும் இடுப்பையும் நேராக்கி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, சமமான கடினத் தரையில் மட்டுமே நிறுத்த வேண்டும். கம்பளமும் மெத்தையும் ஆகாது. படம் எடுக்கும் நேரம்வரை அப்படி நிற்கலாம். நாள் முழுவதும் நிமிர்ந்திருக்க வேண்டுமானால், எடையை மேலிருந்து தாங்கும் இரும்புச் சட்டகத்தில் தொங்கவிட்டு, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கச் செய்வார்கள். அந்தச் சட்டகமும் பொம்மையின் எடையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.