பழைய பிக்கப்புக்கு எந்த பிரேக் குழாய்?

அமெரிக்காவில் மிச்சிகன், ஒகையோ பக்கம் பத்துப் பதினைந்து குளிர்காலம் ஓடிய பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸியை ஒட்டிப் போகும் பிரேக் குழாய்கள் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரியும். பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு செய்த வேலை அது. 1999-இலிருந்து வந்த செவர்லே சில்வராடோ வண்டிகளில் இந்தப் புகார் பெருகவே, மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தது. வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லாமலே 2015-இல் விசாரணையை முடித்தது. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆக, குழாய் மாற்றும் செலவு வண்டிக்காரர் பொறுப்பு.

எஃகுக் குழாய்தான் விலை குறைவு. வலுவானது. ஆனால் இப்போது இற்றுப்போனதும் அதே எஃகுதான். மேற்பூச்சுள்ளதை வாங்கினால் கூடுதல் காலம் தாங்கும். வளைக்கும்போது பூச்சு கீறினால் அந்த இடத்தில் துரு தொடங்கிவிடும். அரிசோனா மாதிரி உப்பு காணாத ஊரில் இதுவே போதும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவுக்கு அசையாது. அதன் கடினம்தான் சிக்கல். வீட்டுக் கருவியில் முனை விரிக்கச் சிரமம். பழைய இணைப்பில் சரியாக உட்காராமல் கசியும், இறுக்கித் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டிவரும். வாங்குவதானால் முனை விரித்து, வளைத்தே வரும் செட்டாக வாங்குங்கள்.

உப்புச் சாலை வண்டிக்கு என் தேர்வு செம்பு-நிக்கல் குழாய். சுமார் 10 விழுக்காடு நிக்கல், சிறிது இரும்பு, மற்றதெல்லாம் செம்பு. வால்வோ 1970களிலேயே இதைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. கையாலேயே வளையும், முனை சுத்தமாக விரியும். பின்னாலுள்ள சரக்குத் தொட்டியைத் தூக்காமல், சேஸிக்கும் அதற்கும் இடையே நுழைத்துக் கொண்டுபோகலாம். வளைத்தே வரும் செட் அளவில் கச்சிதமாக இருந்தாலும், அதன் நீண்ட பின்சக்கரக் குழாயை இப்படி நுழைப்பது பெரும்பாடு. மென்மையான உலோகம் என்பதால் எங்கும் உரசக்கூடாது. பழைய கிளிப் இருந்த ஒவ்வோர் இடத்திலும் கிளிப் போடுங்கள். எஃகைவிட விலை கூடுதல்தான், ஆனால் மிச்சமாகும் உழைப்பில் அது ஈடாகிவிடும். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் வெறும் செம்புக் குழாயை மட்டும் தொடாதீர்கள். அதிர்வில் இறுகி வெடிக்கும்.

ஒட்டுப்போடுவதா, முழுக்க மாற்றுவதா? ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் மற்ற இடங்களும் அதே வயது, அதே உப்பு. முழுக்க மாற்றுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அழுத்து வளைய இணைப்பு இங்கே கூடவே கூடாது. அழுத்தி மிதித்தால் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும்.

வெட்டுமுன் பழைய முனைகளைக் கவனியுங்கள். ஒரே வண்டியில் இரட்டை மடிப்பு முனையும் குமிழ் முனையும் கலந்திருக்கலாம். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. நட்டு அசையவில்லையா? குழாயை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறுமுனை சாக்கெட்டை மாட்டுங்கள், மழுங்காமல் கழலும். கழற்றுமுன் பெடலை ஒரு கட்டையால் சற்றே அழுத்தி நிறுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் வடியாது. வடிந்து ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்தால், அதை வெளியேற்ற ஸ்கேன் கருவி தேவைப்படலாம்.

காற்றெடுத்து முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை முழு பலத்தோடு மிதித்தபடி இருக்கட்டும். இன்னொருவர் டார்ச்சுடன் அடியில் போய் ஒவ்வோர் இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். ஈரம் தட்டுப்பட்டால் வண்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.