பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் யார்?



நாற்பது வாரம் தாயின் வயிற்றில் இருக்கவேண்டிய பிள்ளை முப்பதாம் வாரத்திலேயே பிறந்துவிடுகிறது. சில நாளில் தாய் வெறுங்கையோடு வீடு திரும்புகிறாள். பிள்ளையோ வைத்தியசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவே கிடக்கிறது. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். தகப்பன் கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. இந்நிலையில் பெற்றோர் சிலர் சொல்வதுண்டு: "நாங்கள் அங்கே போய் என்ன செய்வது, சுவாமி? டாக்டர்மாரும் மிஸ்ஸிமாரும் பார்க்கிறார்கள்தானே."

இந்தப் பேச்சு சரியா என்பதே இன்றைய பாடம்.

முதலில், குற்றம் யாருடையது? 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. உலகில் ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. இரட்டைக் கரு, உயர் இரத்த அழுத்தம், கிருமித் தொற்று ஆகியன காரணமாகலாம். பல வேளைகளில் காரணமே தெரிவதில்லை. ஆகவே கண்ணூறு என்றும், மருமகளின் ராசி என்றும் பேசி, நொந்திருக்கும் தாயை மேலும் நோகச் செய்வது அன்புக்கு விரோதமான பாவம்.

அடுத்து, பிள்ளைக்கு என்ன தேவை? அதன் நுரையீரல் முதிரவில்லை. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் உடம்பு விரைவில் குளிர்ந்துபோகும். சுமார் 34 வாரம்வரை உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருங்கே செய்ய அதற்கு இயலாது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைவு. இவற்றில் சிலவற்றை இயந்திரம் செய்யும். சிலவற்றைப் பெற்றோரே செய்யவேண்டும்.

இதை உலகுக்குக் கற்பித்தது ஓர் ஏழை வைத்தியசாலை. 1978ஆம் ஆண்டு, கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல பிள்ளைகளைக் கிடத்தவேண்டியிருந்தது. தொற்று பரவியது. டாக்டர் எட்கர் ரேய் சனாப்ரியா பிள்ளைகளைத் தாய்மாரின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருந்ததால் அதுவே அம்முறைக்குப் பெயராயிற்று. பின்னர் இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. உடல்நிலை சீரான பின்னரே நெஞ்சில் அணைக்கப்பட்ட சிறு பிள்ளைகளில் முதல் 28 நாளில் இறந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர். பிறந்தவுடனேயே அணைக்கப்பட்டவர்களில் 12 பேர். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இதனை வலியுறுத்தியது.

ஆகவே பெற்றோரின் கடமைகள் இவை:

1. பால். பிறந்த சில மணித்தியாலங்களிலேயே பாலைப் பிழிந்து எடுக்கத் தொடங்குங்கள். இரவு உட்பட நாளுக்கு எட்டுத் தடவையேனும் எடுக்கவேண்டும். சில துளிச் சீம்பாலும் மருந்துக்கு ஒப்பானது. குழாய் வழியாக அது பிள்ளைக்குச் சேரும்.

2. நெஞ்சுச் சூடு. எப்போது அணைக்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். தாய்க்கு இயலாதபோது தகப்பனும் அணைக்கலாம். வலை இழுத்த மார்பில் பிள்ளை உறங்குவது வெட்கமல்ல.

3. கை. ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள். தடிமன் உள்ளவர்கள் போகவேண்டாம்.

4. கொப்பி. நிறை எவ்வளவு, பால் எவ்வளவு, மூச்சு எப்படி, கண் பரிசோதனை எப்போது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

உறவினருக்கும் கடமை உண்டு. கூட்டமாய்ப் போய்ப் பார்ப்பதிலும், தாயின் வீட்டுக்குச் சோறு அனுப்பி மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மேல்.

ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயிருக்கு ஆபத்தெனில் தாமதிக்கக்கூடாது. குருவானவர் இல்லாவிடில், திருச்சபையின் கருத்தோடு எவரும் கொடுக்கலாம். கிறிஸ்தவரல்லாத தாதியும் கொடுக்கலாம். நெற்றியில் சிறிது சுத்தமான நீரை ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்ற வார்த்தைகளோடு கொடுத்தால் போதும். பின்பு பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். இது பிள்ளையைக் கைவிட்டதற்கு அடையாளமன்று. அதற்குப் பின்னும் வைத்தியம் நடக்கவேண்டும். பிள்ளை பிழைக்காவிட்டால், "இதுவே நல்லது" என்று தாயிடம் சொல்லாதீர்கள். அவளுடன் அழுங்கள்.

பிள்ளை வீடு வந்தபின், பத்து வாரம் முந்திப் பிறந்திருந்தால் அந்தப் பத்து வாரத்தைக் கழித்தே வளர்ச்சியைப் பாருங்கள். ஆறு மாதத்தில் அது மூன்றரை மாதப் பிள்ளையைப் போலிருக்கும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த நாளையே கணக்கிடுவார்கள். தலவில புனித அன்னம்மாளுக்கு நேர்ந்திருந்தால், ஆவணித் திருநாள் நெரிசலுக்குள் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோக அவசரம் வேண்டாம். தாயாகவும் பாட்டியாகவும் இருந்த அன்னம்மாள் அடுத்த ஆண்டுவரை பொறுத்திருப்பார்.

பெட்டி ஒருகாலும் பெற்றோர் ஆகாது. போங்கள். பிள்ளை உங்களுக்காகவே காத்திருக்கிறது.

குடும்பத்தில் சிந்திக்க:

அ. நம் ஊரில் இப்படிப்பட்ட தாய் இருக்கிறாளா? நாம் அவளுக்கு என்ன செய்தோம்?

ஆ. தகப்பன் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் அவன் பங்குக்கு யார் கடலுக்குப் போவது?

இ. நம் வீட்டில் ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கத் தெரிந்தவர் யார்?