இரும்பு மனிதனும் நம்ம பவர் சப்ளையும்

1963-ல் மார்வெல் காமிக்ஸில் பிறந்த அயர்ன் மேனின் முதல் கவசம் சாம்பல் நிறம். அடுத்த இதழிலேயே தங்க நிறம். அந்த ஆண்டு முடிவதற்குள் எடை குறைந்த சிவப்பு-தங்கக் கவசம். எல்லாம் டிரான்சிஸ்டர் மகிமை! ஆனால் சார்ஜ் இறங்கினால் அவன் இதயமே நின்றுவிடும். 2008-ல் வந்த சினிமாவில் 'ஆர்க் ரியாக்டர்' இந்தத் தொல்லையைத் தீர்த்தது. 2018 படத்தில் கவசமே நானோ துகளாகிவிட்டது.

நிஜத்தில்? ஜெனரல் எலக்ட்ரிக் 1960-களில் தொடங்கிய 'ஹார்டிமேன்' 680 கிலோ தூக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு கைதான் உருப்படியாக இயங்கியது. முழுசாக ஓட்டினால் கட்டுப்பாடின்றி உதறியது.

லேபில் பவர் சப்ளையைப் புகைய விட்டுத் திட்டு வாங்கிய அன்றுதான் எனக்குப் புரிந்தது: கவசம் வரைவது சுலபம், பவரும் கன்ட்ரோலும்தான் கஷ்டம். அந்தப் பாக்கி வேலை நமக்குத்தாங்க!